ராகிக்கு ஒன்று, அவரைக்கு ஒன்று

மைசூர்ப் பகுதியின் மானாவாரி நிலங்களில் ராகியும் அவரையும் ஒரே வயலில் விளைகின்றன. ராகி வரிசைகளுக்கிடையே அவரை, ஆமணக்கு முதலியவற்றை விதைக்கும் முறையைக் கன்னடத்தில் 'அக்கடி' என்பர். ராமாபுரம் போன்ற ஊர்களில் ஒரே களத்திலிருந்து வீடு சேரும் இவ்விரண்டும் சேமிப்பில் ஒரே வகையாக நிலைப்பதில்லை. ராகி மணி மிகச் சிறியது; பூச்சிகளுக்கு அதில் இடம் குறைவு. 'ஹகேவு' எனப்படும் நிலத்தடிக் குழிகளில் அது பல்லாண்டுகள் கெடாமல் இருந்தது. அவரையோ சில மாதங்களிலேயே பயறு வண்டால் துளைபட்டுப் போகும்.

இயற்கைவழிச் சேமிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "வேப்பிலை போட்டால் பூச்சி வராது" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. மரபறிவு அத்தனை எளிதன்று. வேம்பிலுள்ள அசாடிராக்டின் பூச்சி உண்பதைத் தடுக்கும். ஆனால், முதிர்ந்த பயறு வண்டு சேமிப்பிலுள்ள பயற்றை உண்பதே இல்லை. அதன் மேல்தோலில் முட்டையை ஒட்டிவைப்பதே அதன் வேலை. முட்டையிலிருந்து வெளிவரும் புழுதான் உள்ளே துளைத்துச் செல்கிறது. ஆகவே, இங்குக் கசப்பை மட்டும் நம்ப இயலாது. கிலோவுக்கு ஏறத்தாழ 5 மில்லிலிட்டர் எண்ணெயைப் பயற்றின்மீது சீராகப் பூசினால், முட்டைக்குக் காற்று செல்வது தடைப்பட்டுக் கரு மடிகிறது. அரிசி மூக்கு வண்டு வேறு வகை: அது மணியைக் குடைந்து முட்டையை உள்ளே வைத்து வாயை அடைத்துவிடும். மேற்பூச்சு அதனை அவ்வளவு எளிதில் எட்டாது.

சாம்பல் கலப்பதும், துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இவ்வாறே காரணம் உடையவை. நுண்துகள்கள் பூச்சியின் உடல்மீதுள்ள மெழுகுப் படலத்தைச் சிதைக்க, அது ஈரம் இழந்து இறக்கிறது. 1950இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் செயலூட்டிய களிமண்ணைக் கொண்டு ஆராய்ந்ததும் இவ்வழியையே.

'இயற்கையானது' என்பதாலேயே ஒன்று தீங்கற்றது ஆகிவிடாது. இதற்கு வசம்பு சான்று. 'பிள்ளை வளர்ப்பான்' என்று தமிழ் அதற்கு அன்புடன் பெயரிட்டது. அதிலுள்ள பீட்டா-அசரோன் சேமிப்புப் பூச்சிகளை மலடாக்க வல்லது. அதே பொருள் எலிகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், 1968இல் அமெரிக்கா வசம்பை உணவில் சேர்ப்பதற்குத் தடை விதித்தது. பெயர் தரும் நம்பிக்கை வேறு. வேதியியல் தரும் எச்சரிக்கை வேறு. விதைக்கென வைத்ததற்கு ஏற்றது, உலைக்கென வைத்ததற்கு ஏற்றதாகாது.

இவை பழம்பெருமைக்காகப் பேசப்படுவன அல்ல. கிடங்குகள் பெரிதும் நம்பியிருக்கும் பாஸ்பீன் புகைக்கு, சிவப்பு மாவு வண்டும் தானியத் துளைப்பானும் இந்தியாவிலேயே எதிர்ப்புத்திறன் பெற்றுள்ளன. நச்சுப் புகை மாத்திரைகளை வாழும் வீட்டுக்குள் வைப்பதோ உயிருக்கே ஆபத்து. பெருங்கிடங்குகளுக்கு இலைகள் ஈடாகமாட்டா. அவற்றின் வீரியம் நாளடைவில் குறையும், மீண்டும் மாற்ற வேண்டும். ஆனால், அடுத்த பருவத்துக்குச் சில கிலோ அவரை விதையைக் காக்க வேண்டிய குடும்பத்துக்கு எண்ணெயும் சாம்பலும் எட்டும் தொலைவில் உள்ளன.

அந்த அறிவோ எழுத்தில் சேராமலே கழிந்துகொண்டிருக்கிறது. தமிழில் வேம்பு, கன்னடத்தில் பேவு. தமிழில் நொச்சி, கன்னடத்தில் லக்கி என்று சொற்பட்டியல் செம்மையாக அமைந்துவிடும். எந்த உறுப்பு, நிழலில் உலர்ந்ததா வெயிலில் உலர்ந்ததா, எந்தத் தானியத்துக்கு, எந்தப் பூச்சிக்கு, உண்பதற்கா விதைப்பதற்கா என்பவை அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. செடியின் பெயரை அகராதியிலேயே காணலாம். செடியும் தானியமும் பூச்சியும் சேரும் பொருத்தத்தை, அதனைக் கையாண்டவர்களிடமே கேட்டறிய முடியும். களப்பணிக்குச் செல்லும் மாணவர்கள், மொழியியலாயினும் வேளாண்மையாயினும், தம் வினாநிரலில் இந்த வினாக்களையும் சேர்த்துக்கொள்வார்களாக. விடை சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர்.