மூன்றாவது சக்கரம்

இருபது வருஷமாகப் பிறருக்குப் பாடம் சொல்லி வரும் உபாத்தியாயருக்கு ஒரு சங்கடம் உண்டு. தாமும் ஒரு காலத்தில் மாணாக்கராக இருந்தோம் என்பதே அவருக்கு மறந்து போய்விடும். நமக்கும் மறந்துதான் போயிருந்தது. நாற்பத்தைந்தாவது வயதில் அதை நமக்கு நினைவூட்டிய பெருமை, மூன்று சக்கரங்களும் நிறையத் துருவும் கொண்ட ஒரு வாகனத்தையே சேரும்.

கோயமுத்தூர் இராமநாதபுரத்தில் நமது வீட்டுக் கொட்டகையில், தகப்பனார் ஓட்டிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வெகு காலமாக உறங்கிக் கொண்டிருந்தது. அதன் இடப்பக்கத்தில் சிறு படகைப் போல ஒரு சைட்கார். தகப்பனார் காலமான பிறகு அந்தப் படகில் பிரயாணம் செய்தவை நமது வீட்டுப் பூனையும் அதன் குட்டிகளுமே.

இப்படியிருக்கையில், சூலூருக்கு அப்பால் கலங்கலை அடுத்த ஒரு சிற்றூரில் நமது பெரியம்மா படுத்த படுக்கையாக இருப்பதாகச் செய்தி வந்தது. தாயாரோ எழுபதைக் கடந்தவர். இடுப்பெலும்பு முறிந்து சேர்ந்தவர் ஆகையால் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார முடியாது. பஸ்ஸின் படி உயரம். மூடிய காரில் ஏற்றினாலோ, சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் தலைசுற்றலும் வாந்தியும் வந்துவிடும்.

"ஒரு தடவை அக்காளக் கண்ணுல பாத்துட்டு வந்துட்டாப் போதும், சாமி. அந்த வண்டியில ஏறுனா எனக்கு ஒண்ணும் பண்ணாது" என்று தாயார் கொட்டகையைக் காட்டினார்.

நாம் சிரித்தோம். சைக்கிள் நமக்குப் பத்து வயதிலிருந்து தெரியும். கியர் வண்டியும் ஓட்டுவோம். இதில் கூடுதலாக ஒரு சக்கரம் வேறு இருக்கிறது. விழுவதற்கு இடமேது?

சிங்காநல்லூர்ப் பட்டறையின் மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை. "சாருங்க, ரெண்டு சக்கர வண்டியே ஓட்டாதவங்க இதை வெரசாப் பழகிக்குவாங்க. நல்லா ஓட்டறவங்களுக்குத்தான் செரமமுங்க" என்றார். உபாத்தியாயரிடம் இப்படிப் பேசுகிறாரே என்று எண்ணினோம். அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்பது பிற்பாடு விளங்கியது.

முதலில் அவர் இரண்டு நீளமான மரச்சட்டங்களை எடுத்தார். ஒன்றை மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களை ஒட்டியும், மற்றொன்றை சைட்காரின் சக்கரத்தை ஒட்டியும் தரையில் வைத்து, இடைவெளியை அளந்தார். பின்புறத்தைக் காட்டிலும் முன்புறம் அரை அங்குலத்துக்குச் சற்று அதிகமாகக் குறுகி இருந்தது. "இப்படித்தான் இருக்கணுமுங்க" என்றார். பிறகு மோட்டார் சைக்கிளைச் சைட்காருக்கு எதிர்ப்புறமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாய்த்து முடுக்கினார். சைட்கார் சதா வண்டியைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்புக்கு ஈடு கொடுக்கத்தான் இத்தனை ஏற்பாடும்.

அடுத்த பாடம் உதைப்பது. ஆம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாகக் காலால் அழுத்த வேண்டும். பிறகு டிகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு இன்னும் இம்மியளவு அழுத்திவிட்டு, அதை விட்டுவிட்டு ஓங்கி உதைக்க வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு. பிரேக் இடது காலுக்கு. நமது கால்களோ நேர்மாறாகப் பழகியவை. நிறுத்த நினைத்த போதெல்லாம் கியரையும், கியர் மாற்ற நினைத்த போதெல்லாம் பிரேக்கையும் மிதித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு வெற்று மைதானத்துக்கு வண்டியைக் கொண்டு போனோம். புறப்படும்போது நமது இல்லாள் ஒரு கேள்வி கேட்டாள்: "ஏனுங்க, அத்தையை ஏத்தீட்டுப் பழகப் போறீங்களா, பழகீட்டு ஏத்தப் போறீங்களா?" அதன் நியாயத்தை ஒப்புக்கொண்டு, தாயாருக்குப் பதிலாக ஐம்பது கிலோ பருத்திக்கொட்டை மூட்டையைச் சைட்காரில் அமர்த்தினோம். ஆளில்லாத சைட்கார் எளிதில் மேலே தூக்கிக் கொள்ளும். ஆகையால் பழகுகிறவர்கள் பாரம் ஏற்றிக் கொள்வது வழக்கம். வழியில் இரண்டு பேர் நம்மை நிறுத்தி, மூட்டை என்ன விலை என்று விசாரித்தார்கள்.

கிளட்சை விட்டதும் வண்டி இடப்பக்கம் ஓடியது. பிரேக்கைப் பிடித்ததும் வலப்பக்கம் ஓடியது. இதில் மர்மம் ஒன்றுமில்லை. எஞ்சின் இழுப்பது மோட்டார் சைக்கிளை மட்டுமே. கிளம்பும்போது சைட்கார் பின்தங்கி நிற்கப் பார்க்கிறது. ஆகவே வண்டி அதன் பக்கம் திரும்புகிறது. நிறுத்தும்போது அது முன்னே ஓடப் பார்க்கிறது. ஆகவே வண்டி எதிர்ப்பக்கம் திரும்புகிறது. நியூட்டனின் முதல் விதியை வருஷந்தோறும் கரும்பலகையில் எழுதிப் போட்டவர் நாம். அந்த விதி நம் தோள்பட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான், அது வெறும் பரீட்சைக் கேள்வியன்று என்பது உறைத்தது.

இவற்றைவிடக் கடினம், திரும்புவது. இரு சக்கர வண்டியில் உடம்பைச் சாய்த்தால் வண்டி தானே திரும்பும். மூன்று சக்கர வண்டி சாயாது. மாட்டு வண்டியின் நுகத்தடியைத் திருப்புவது போல ஹாண்டில்பாரை இரு கைகளாலும் தள்ளித்தான் திருப்ப வேண்டும். முப்பத்தைந்து வருஷப் பழக்கம் சாய் என்கிறது. வண்டியோ சாயமாட்டேன் என்கிறது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இனி மூட்டை எதற்கு என்று தோன்றிவிட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு, சற்று வேகமாகவே இடப்பக்கம் திரும்பினோம். சைட்காரின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஓரடி, ஒன்றரையடி. ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பினால் அது இறங்கிவிடும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். திருப்பினோம்; இறங்கியது. ஆனால் வண்டி வலப்பக்கமாக ஓடிக் கிளுவை வேலிக்குள் புகுந்து நின்றது.

காயம் பெரிதில்லை. முழங்கையில் சிராய்ப்பும் சட்டையில் கிழிசலுந்தான். ஆனால் அங்கேயே வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம். மைதானத்தில் வலப்பக்கம் இருந்தது வேலி. திருச்சி ரோட்டில் வலப்பக்கம் வருவது லாரி. சைட்காரில் இருக்கப்போவதோ மூட்டையன்று.

மறுநாள் தாயாரிடம், இந்த ஏற்பாடு வேண்டாம் என்று சொன்னோம். அவர் நமது முழங்கையைப் பார்த்துவிட்டு, "லெப்டுல திரும்பையிலதானே தூக்குச்சு?" என்று கேட்டார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கொப்பாவுக்கும் மொதல்ல அப்படித்தான். திரும்பறதுக்கு முன்னால மெதுவாக்கோணும் கண்ணு, திரும்பையில இல்ல. நானும் அந்தப் பக்கமா ஒதுங்கிக் குந்திக்குவேன். நீ ஓட்டு" என்றார்.

நாற்பது வருஷத்துக்கு முன் அந்தப் படகில் உட்கார்ந்து போனவருக்குத் தெரிந்திருந்த பாடத்தை, பட்டம் பெற்ற நாம் கேட்டுத் தெரிந்து கொள்ளவில்லை! மேலும் இரண்டு ஞாயிறு பழகினோம். மூட்டையையும் மறுபடி ஏற்றினோம்.

ஆறாவது ஞாயிறு விடியற்காலையில் புறப்பட்டோம். இருவர் தலையிலும் ஹெல்மெட். தாயார் மடியில் ஒரு தூக்குப்போசி. சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் தாண்டியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முதுகைத் தள்ளியது. சூலூரில், நொய்யல் தண்ணீர் நிரப்பும் குளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினோம். தாயாருக்குத் தலைசுற்றல் இல்லை. "காத்து மூஞ்சில அடிச்சா ஒண்ணுமே பண்றதில்ல" என்றார்.

சைட்காரின் சரித்திரமே இப்படிப்பட்ட குடும்பங்களின் சரித்திரந்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கார் வாங்க வசதியில்லாதவர்கள், மனைவி மக்களை இதில் வைத்துத்தான் அழைத்துச் சென்றார்கள். இன்று ஜாகுவார் என்று உலகம் அறிந்த கார்க் கம்பெனி, 1922-இல் பிளாக்பூல் நகரில் சைட்கார் செய்யும் சிறு பட்டறையாகத்தான் பிறந்தது.

சூலூரைக் கடந்து கலங்கல் கிராமத்தை அடைந்தோம். இங்கேதான் 1893-ஆம் வருஷம் மார்ச் 23-ந் தேதி ஜி. டி. நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. உபாத்தியாயராகிய நமக்கு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. வாலிபத்தில் ஒரு நாள், ஆங்கில அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததை அவர் கண்டார். மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை, வண்டி ஓடுகிறது! அதை வாங்குவதற்காகவே கோயமுத்தூர் வந்து, ஒரு ஹோட்டலில் மூன்று வருஷம் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார். அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதை அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டிப் பார்த்தார். அதுவே அவருக்குச் சர்வகலாசாலை. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டவர், 1933-இல் 280 பஸ்களுக்கு அதிபதி. 1937-இல் டி. பாலசுந்தரம் அவர்களுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்சார மோட்டாரை உருவாக்கினார். கொங்கு நாட்டுப் பட்டறைகளில் இன்றும் கை முதலில் கற்கிறது. புத்தகம் பிறகு வருகிறது. சிங்காநல்லூர் மெக்கானிக்கும் அந்தச் சர்வகலாசாலையின் பட்டதாரிதான்.

இந்தச் சிந்தனையில் இருக்கும்போதே பாதை திடீரென்று இடப்பக்கம் வளைந்தது. வேகத்தை முன்பே குறைத்தோம். ஓரக்கண்ணால் பார்த்தபோது, நாம் ஒரு வார்த்தையும் சொல்லாமலே தாயார் சைட்காரின் இடது விளிம்பைப் பற்றி, உடம்பை அந்தப் பக்கம் ஒதுக்கிக் கொண்டிருந்தார். அவர் பார்வை பாதையின் மேல் இருந்தது. சக்கரம் தரையை விட்டு இம்மியும் எழும்பவில்லை. வளைவு கழிந்ததும் நேராக உட்கார்ந்து, தூக்குப்போசியைச் சரிப்படுத்திக் கொண்டார்.

பெரியம்மா தங்கையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். இருவரும் கையைப் பற்றிக்கொண்டு வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பெரியம்மா, "எதுல வந்தே?" என்று கேட்டார்.

"அவங்கொப்பன் வண்டீலதான். பையன் நல்லாத்தான் ஓட்டறான். வளைவுல மட்டும் நாம் பாத்துக்கோணும்" என்றார் தாயார்.

நாம் வாங்கிய பட்டங்களில் இந்த நற்சாட்சிப் பத்திரம் ஒன்றுக்குத்தான் உண்மையாகப் படித்தோம் என்று சொல்ல வேண்டும். பெரியம்மா அதற்குப் பிறகு நாற்பது நாள் இருந்தார். நாங்கள் இன்னும் நாலு தரம் போய் வந்தோம். பூனை இப்போது குட்டிகளுடன் கொட்டகையின் பரணுக்குக் குடிபெயர்ந்துவிட்டது.