கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள்

எங்கள் திருக்கனூர்ப் பக்கம் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களைப் பார்க்கப் போனால், "எமனுக்கு என்மேல கண்ணு விழலியே" என்று சொல்லாதவர்கள் குறைவு. அது சாகிற ஆசையா, வலியா, வீட்டாருக்குச் சுமையாகிவிட்டோமே என்ற கூச்சமா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும்.

பெரியப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். "ஒரு ஊசி போட்டு அனுப்பிடச் சொல்லுடா" என்று என்னைக் கும்பிட்டார். டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதித் தந்தார். வேளை தவறாமல் கொடுத்துவந்தோம். சில நாளில், கரும்பு வெட்ட ஆள் வந்தாச்சா என்று விசாரிக்க ஆரம்பித்தார். அப்புறம் கடைசிவரை ஊசிப் பேச்சே இல்லை.

மருந்துக்கு அடங்காத வலியும் உண்டு. அப்படிப்பட்டவர் விடை கேட்டால் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. நெதர்லாந்தில் 2002 முதல் சட்டமே அந்த ஊசிக்கு இடம் தருகிறது. இங்கே அது இன்றும் குற்றம். எனக்குள்ள பயம் வேறு. விருதுநகர்ப் பக்கத்துத் தலைக்கூத்தலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்தே முடித்துவிடுவார்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லை, காசில்லை என்று வீட்டார் எடுக்கும் முடிவு அது. படுத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை. ஊசிக்கு அனுமதி வந்தால் அந்த மாதிரி வீட்டுக்குள் அது எந்த வழியாக நுழையும்?

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-இல் அங்கேயே ஒரு ஊழியனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு வழக்கு வந்தபோது, அங்கிருந்த நர்ஸுகள் கூடாது என்று நின்றார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2015-இல் நிமோனியாவில் அவர் இறக்கும்வரை, கூடப் பிறந்தவளைப் போலப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கைகளை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனாலும் அருணா என்ன விரும்பியிருப்பார் என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்துகொள்ள இப்போது வழி இருக்கிறது. மீள முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உயிலை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023-இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ போதும் என்றார்கள். சிகிச்சையை நிறுத்துமுன் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்தாக வேண்டும். அந்தக் காபந்து நல்லது.

நானும் எழுதிவிட்டேன். வென்டிலேட்டர் வேண்டாம், வலி மருந்து மட்டும் குறையக் கூடாது, நான் பேச முடியாமல் போனால் மகள் சொல்வதே முடிவு. "நல்ல நாளும் அதுவுமா இதென்ன பேச்சு" என்று மகன் கோபித்துக்கொண்டான். அவன் எதிரிலேயே மகளிடம் இன்னொரு தரம் படித்துக் காட்டினேன்.