எடையில் வராத சுமை

மேற்படிப்புக்காக ஜெர்மனி நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். செய்தி பரவிய நாள் முதல் உற்றார் உறவினரின் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. "ஊறுகாயை மறந்துவிடாதே. கம்பளி வாங்கிக்கொள். அங்கே நம்மவர்களை ஏளனமாகப் பார்ப்பார்களாம், ஜாக்கிரதை!" என்கிறார்கள். அவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று கவலைப்படுவோர் பலர். நாம் பிறரை எப்படிப் பார்க்கிறோம் என்று கேட்பார் ஒருவரும் இல்லை. விமான நிலையத்தில் பெட்டியை எடை போடுவார்கள். மனத்துக்குள் நாம் கட்டிக்கொண்டு போகும் மூட்டையை எந்தத் தராசில் நிறுப்பது?

கணித மேதை இராமானுஜனுக்கு 1913-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது, கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்ற எண்ணம் குறுக்கே நின்றது. பின்னர் தாயாரின் சம்மதம் கிடைத்தது. குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17-ஆம் நாள் சென்னையில் கப்பலேறினார்.

அன்று, கடலைத் தாண்டாதே என்றது சாதி ஆசாரம். இன்றோ சாதியே கடலைத் தாண்டிவிட்டது! 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அத்தனை தொலைவுக்குச் சாதி தானாகவா நடந்து போயிற்று? நம் நாட்டிலிருந்து சென்றவர்களோடு அல்லவா போயிற்று!

ஆகவே சோதனை அயல்நாட்டில் தொடங்குவதன்று. நம் ஓசூரிலேயே தொடங்கிவிடுகிறது. இது எல்லை மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே சந்தையில் பேரம் பேசுகின்றன. சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் பல ஊரார் இங்கே குடியேறினர். இன்று பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா இளைஞர்களும் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேரை நாம் பெயர் சொல்லி அழைக்கிறோம்? 'வடக்கன்', 'இந்திக்காரன்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஒடியா பேசுபவரும் நமக்கு இந்திக்காரர்தாம்! கும்பலாகத் தங்குகிறான், சமையல் நாறுகிறது, நம் பிழைப்பைக் கெடுக்கிறான் என்கிறோம். தமிழரே வீடு கேட்டு வந்தாலும், பெயரைக் கேட்குமுன் "நீங்க என்ன ஆளுங்க?" என்கிறோம்.

நாளை அந்நிய நகரில், நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கி, சாம்பார் வைத்து, பகுதிநேர வேலை தேடி அலையப்போகிறேன். என்னைப் பற்றி அந்த ஊரார் சொல்லக்கூடியவையும் அதே மூன்று குற்றச்சாட்டுகள்தாமே? அங்கே நான்தான் வடக்கன்!

இதை எண்ணியபின், ஜெர்மன் பாடத்தோடு இன்னொரு பாடமும் தொடங்கியிருக்கிறேன். எங்கள் தெருவில் தங்கியிருக்கும் ஒடிசா இளைஞர் ஒருவரிடம் ஞாயிறுதோறும் சில ஒடியாச் சொற்கள் கற்கிறேன். அவர் என்னிடம் தமிழ் கற்கிறார். அவர் ஊரில் 'பகாளா' என்று விரும்பி உண்பது என்ன தெரியுமா? சோற்றில் நீரூற்றிப் புளிக்க வைத்தது. நம் பாட்டிமார் பானையில் இருக்கும் அதே பழைய சோறு! இத்தனை காலம் அடுத்தடுத்த வீட்டில் ஒரே உணவை உண்டுகொண்டு அந்நியர்களாக இருந்திருக்கிறோம்.

நண்பர்களே, பூங்குன்றனாரின் பெயரை மேடையில் முழங்கினால் கைத்தட்டல் கிடைக்கும். அவர் வழி நடப்பதற்கோ விசா வேண்டியதில்லை. கடலைக் கடக்குமுன் நம் தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக்காரரின் பெயரைக் கேட்போம்.