கெராவின் இரத்தம்

1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னால் காடு அழிந்த இடமெல்லாம் தோட்டமானது. நிழல் போன ஓடைகளில் வெயில் பட்டது. அனோஃபிலிஸ் மாக்குலாட்டஸ் கொசுவுக்கு அதுதான் வேண்டும். தொழிலாளர் லயங்களில் குளிர்காய்ச்சல். தோட்ட மருத்துவ உதவியாளரான டிரஸர் தரும் கொயினாவே மருந்து.

அதே காட்டோரத்தில் கெரா, நீண்டவால் குரங்கு. 1931இல் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குப் போன ஒன்றின் இரத்தத்தில் புது மலேரியாக் கிருமி தென்பட்டது. ஆராய்ந்த நோல்ஸின் பெயரால் அது பிளாஸ்மோடியம் நோலசி.

கெராவை இது பெரிதாக வாட்டுவதில்லை. ரீசஸ் குரங்குக்கு ஏற்றினாலோ 24 மணிக்கொரு முறை பெருகிச் சில நாளில் கொன்றுவிடும். எனவே தடுப்பூசி போட்ட ரீசஸ் பிழைத்தால் அது ஊசியின் பலன்தான். 1948இல் ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் குழு, செத்த நோலசியைப் பாரஃபின் எண்ணெயிலும் கொல்லப்பட்ட காசநோய்க் கிருமியிலும் கலந்து போட்டது. ஊசி பெற்றவை தாக்குப்பிடித்தன. ஆனால் அந்தக் கலவை சதையைப் புண்ணாக்கும், மனிதருக்கு ஆகாது. ஊசி இல்லாமல் செத்த குரங்குகளால்தான் ஊசி வேலை செய்வது தெரிந்தது. அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

நீலகிரியின் குன்னூரையும் மறக்கக் கூடாது. 1941இல் அங்கே முல்லிகன், ரஸல், மோகன் மூவரும் கோழி மலேரியாவுக்குத் தடுப்பூசி முயன்றார்கள். கொசுவிலிருந்து எடுத்த கிருமியைச் செயலிழக்கச் செய்து கோழிக்குப் போட்டதில் ஓரளவு பாதுகாப்பு கிடைத்தது. அமெரிக்காவில் ரூத் நுசென்ஸ்வைக் கதிர்வீச்சால் நலிந்த கிருமியைக் கொண்டு எலிகளைக் காத்தது 1967இல். கால் நூற்றாண்டு முன்பே நீலகிரியில் அந்த வழி திறந்திருக்கிறது!

1983இல் அந்தக் கொசுப்பருவக் கிருமியின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை முதலில் பிரித்தெடுத்ததும் நோலசியிலிருந்துதான். மனிதரைத் தாக்கும் ஃபால்சிபாரம் கிருமியில் உள்ள அதே வகைப் புரதத்தை வைத்தே இன்று ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் போடும் ஆர்டிஎஸ்,எஸ் (2021), ஆர்21 (2023) ஊசிகள் ஆனவை. மகிழ்ச்சி. ஆனால் இரண்டும் நோலசிக்கானவை அல்ல.

சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் குழு 208 மலேரியா நோயாளிகளைச் சோதித்து, 2004இல் முடிவை வெளியிட்டது. 120 பேருக்கு நோலசி. நுண்ணோக்கியில் அது சாதுவான பிளாஸ்மோடியம் மலேரியே வகை போலவே தெரிந்திருந்தது. 2018 முதல் மலேசியாவில் மனித மலேரியா உள்ளூரில் தொற்றியதாகப் பதிவில்லை. குரங்கு மலேரியா மட்டும் ஆண்டுதோறும் வருகிறது, காட்டோரம் வேலை செய்பவர்களுக்கே அதிகம். அவர்களுக்கும் ஓர் ஊசி வர வேண்டும். அதுவரை காய்ச்சலோடு வருபவரிடம் காட்டுப் பக்கம் போனாரா என்று முதல் நாளே கேட்டாக வேண்டும். மறுநாளைக்குள் கிருமி பல மடங்காகிவிடும்.