உபயகாரர் இல்லாத பாட்டு

பருத்தித்துறை வீதியில் கோப்பாய்ச் சந்தி தாண்டி உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வாழைத்தோட்டத்தை ஒட்டி அந்த ஒலிப்பதிவு அறை இருக்கிறது. முன்பு வெங்காயப் பிடிகள் கட்டித் தொங்கவிட்ட கொட்டில். இப்போது சுவரெல்லாம் முட்டை மட்டை, அதற்கு மேல் பழைய கம்பளி. பதிவு நடக்கும்போது காற்றாடியை நிற்பாட்டி விடுவார்கள். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற மிசின் ஓடத் தொடங்கினால் பதிவையே நிற்பாட்ட வேண்டும்.

“அதாலை குரல் எடுக்கிறது இரவு பத்துக்குப் பிறகுதான் அண்ணை. கோயில் ஸ்பீக்கரும் அப்பதான் ஓயும்” என்றார் அந்த அறைக்குச் சொந்தக்காரரான இளைஞர். தானே எழுதி, மெட்டமைத்து, பாடுகிறவர். பகலில் கணக்கு வேலை. சனி ஞாயிறுகளில் இசைக்குழு ஒன்றோடு கலியாணவீடு, சாமத்தியவீடு என்று போய் ஓகன் வாசிக்கிறார். சொந்தப் பாட்டுக்கான செலவு அங்கிருந்துதான் வருகிறது.

நான் போன நேரம் பாட்டு முடிந்திருந்தது. மூன்று நிமிடம் நாற்பது விநாடி. அவர் அதிலிருந்து ரிக்ரொக்குக்கு இருபது விநாடி தேடிக்கொண்டிருந்தார். பல்லவியைப் போட்டுப் பார்த்தார், பிடிக்கவில்லை. சரணத்தில் “உங்கை பார்” என்று வருகிற வரியில் நிறுத்தி, முன்னும் பின்னும் நகர்த்தினார். ‘உங்கை’ என்ற அந்த ஊர்ப்பேச்சு வார்த்தைக்காகவே சனம் பகிரும் என்பது அவர் கணக்கு. மெட்டு போட்டதைவிட இந்த இருபது விநாடிக்குக் கூடுதல் நேரம் போனதாகச் சொன்னார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை.

பாட்டின் முகப்பில் முதலில் இருபத்தைந்து விநாடி நாதஸ்வரம் இருந்ததாம். இணுவிலிலிருந்து ஒரு பெரியவர் வந்து வாசித்துக் கொடுத்தது. ஸ்பொட்டிஃபையில் முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு தரம் கேட்டதாகக் கணக்கு. 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தரமாவது கேட்கப்படாத பாட்டுக்குக் காசும் இல்லை. பாடகர் வாய் திறப்பதற்குள் ஆட்கள் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார்கள் என்ற பயத்தில் நாதஸ்வரம் நடுவுக்குப் போய்விட்டது. “ஐயாவுக்குச் சரியான கோவம்” என்று சிரித்தார்.

அந்த ஐயாவைப் பார்க்க மறுநாள் இணுவிலுக்குப் போனேன். தவிலும் நாதஸ்வரமும் பரம்பரை பரம்பரையாக இருக்கிற ஊர். விளம்பரம், ஆள் சேர்ப்பது என்று நான் பேச்செடுத்ததும் கையை வீசி மறித்தார். “தம்பி, நாங்கள் கேட்டுப் போறேல்லை. கூப்பிட்டால் போறது.”

அது முழு உண்மை என்று எனக்குத் தோன்றவில்லை. சுவரில் மாட்டியிருந்த திருவிழா நோட்டீஸ்களில் கலைஞரின் பெயரைவிடப் பட்டம் நீளம். யாழ்ப்பாணத்தில் இது புதிதல்ல. தவில் மேதை தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானவர். ‘லயஞான குபேர பூபதி’ என்ற பட்டம் இன்றும் அவர் பெயருக்கு முன்னால் நடக்கிறது. நாலைந்து தவில்களைக் கூட்டி விடியும்வரை நடத்திய சமாக்கள் விளம்பரம் இல்லாமல் வேறு என்ன? எந்தக் கோயிலில் யார் யாரை மடக்கினார் என்பது மறுநாள் சந்தையில் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அடுத்த கோயிலில் திருவிழாச் செலவை ஏற்கிற உபயகாரர் ஆள் அனுப்புவார். பெரியவர் மடியிலிருந்து எடுத்த கைபேசியிலும் “ஆறாந் திருவிழா சுவிஸ்”, “தேர் லண்டன்” என்று உபயகாரர்களின் எண்கள் வரிசையாக இருந்தன. தைப்பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் எல்லாருக்கும் வாழ்த்து அனுப்புவதாக அவரே சொன்னார். கேட்டுப் போவதில்லைத்தான்.

இங்கே கலைஞர் எப்போதும் தன்னை விற்றுத்தான் வந்திருக்கிறார், ஆனால் இன்னொருவர் வீட்டு விசேஷத்துக்குள் நின்றுகொண்டு. சபையை உபயகாரர் சேர்த்துக் கொடுத்தார், அல்லது பெண்ணைப் பெற்றவர் சேர்த்துக் கொடுத்தார். கலைஞர் அந்தச் சபையைத் தன் பக்கம் திருப்பினால் போதும். கோப்பாய் இளைஞரின் பாட்டு எந்த விசேஷத்துக்கும் செய்யப்பட்டதல்ல. அதற்கு உபயகாரர் இல்லை. சபையையும் அவரே கூட்ட வேண்டியிருக்கிறது. சங்கீதத்தை வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளில் ஆசிரியர் தரம்வரை படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. சபை கூட்டுகிற வித்தையை எந்தத் தரத்திலும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

விசேஷம் இல்லாமலே ஊர் முழுக்கப் போன பாட்டு முன்பு இருந்ததில்லையா? இருந்தது, அதுவும் கூப்பிடு தூரத்தில். கோப்பாய்ப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் வருகிற உரும்பிராய்தான் நித்தி கனகரத்தினத்தின் ஊர். கிற்றாரும் பைலாத் தாளமும் யாழ்ப்பாணப் பேச்சுமாக அவர் பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ இரண்டும் எழுபதுகளின் பொப் இசைக் காலத்தில் இலங்கைத் தமிழர் வாயெல்லாம் நின்றன. வானொலியும் மேடையும் அவற்றைக் கொண்டுபோயின. ஆனால் வாய்க்கு வாய் போனது அந்தப் பேச்சால்தான் என்பது என் எண்ணம். மாமியைக் கூப்பிடுகிற விதத்தை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பின்னர் தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோவும் கசெற்றும் கேட்ட சனம் இது. கேட்க வேண்டும் என்று நினைத்தால் கை வலிக்க வலிக்கக் கேட்கும். இன்று பெருவிரலை ஒரு தடவை தள்ளினால் அடுத்த பாட்டு.

இளைஞர் தன் யூரியூப் கணக்கைத் திறந்து காட்டினார். கேட்டவர்கள் எந்த நாடு என்ற பட்டியலில் கனடாவும் பிரித்தானியாவும் சுவிஸும் இலங்கைக்கு மேலே நின்றன. அதனால் புதிய பாட்டை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு விடுகிறார். கோடை காலத்தில் அப்போது சூரிச்சில் பின்னேரம் நாலரை, லண்டனில் மூன்றரை, ரொறன்ரோவில் காலை பத்தரை. மூன்று இடத்திலும் ஆள் விழித்திருக்கும், வேலைக்கும் போயிராது. கோப்பாயில் அந்த நேரம் சனம் சாப்பாட்டில் இருக்கும். “ஊர்ச் சனம் அடுத்தநாள் வெளிநாட்டிலையிருந்து வந்த லிங்கிலைதான் பாக்கும்” என்றார். எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது, அவருக்கு உறுத்தவில்லை.

சினிமாப் பாட்டை மறுபடி பாடிப் போட்டால் ஒரே நாளில் ஏறுகிறது. சொந்தப் பாட்டு தவழ்கிறது. 2021இல் யொஹானி பாடிய சிங்களப் பாட்டு ‘மெனிக்கே மகே ஹித்தே’ இந்தியா முழுக்கப் போனதைச் சொல்லி எல்லாரும் அவருக்கு ஆசை காட்டுகிறார்களாம். அதுவும் முந்தைய வருஷம் வெளிவந்த பாட்டின் மறுவடிவம்தான் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அவர் நம்புவது ஒரு கொப்பியை. நிகழ்ச்சி முடிந்து, “தம்பி, இது ஆற்றை பாட்டு?” என்று மேடைக்குப் பின்னால் வந்து கேட்கிறவரின் பெயரும் எண்ணும் அதில் ஏறும். வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பட்டியலில், நம் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்தவருக்குத்தான் அது போய்ச் சேரும். ஆகவே அந்த இடத்திலேயே மிஸ்ட் கோல் கொடுத்து, கேட்டவர் இவருடைய எண்ணைப் பதியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வாராம். பாட்டு வருவதற்கு முதல்நாள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் செய்தி. “அன்ரி, நீங்கள் அண்டைக்குக் கேட்டியளே...” என்று தொடங்கும். இதில் அரைவாசி மாலை போய்விடும். எந்தத் தளத்தின் விளம்பரத்தையும்விட இதுதான் ஆள் கொண்டு வருகிறது என்கிறார், நானும் அதை ஏற்கிறேன். இணுவில் ஐயாவின் பொங்கல் வாழ்த்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை.

நான் புறப்படும் நேரம் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது. ஊர்க் கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயகாரர், இரவு இன்னிசைக் கச்சேரிக்குக் குழுவைப் பேசுகிறார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இளைஞர் பேசினார். சாமிப் பாட்டு மூன்று முதலில், பிறகு பழைய சினிமாப் பாட்டுகள் என்றார் உபயகாரர். சொந்தப் பாட்டு ஒன்று பாடலாமா என்று கேட்டதற்கு, “பாடும், கடைசியிலை பாடும்” என்றது கனடா.

“கடைசியிலை வேண்டாம் அண்ணை. அப்ப சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளிக்கிட்டிடும். சாமிப் பாட்டு முடியத் தாங்கோ.”

கொஞ்ச நேரம் பேரம் நடந்தது. நாலாவது பாட்டாக இடம் கிடைத்தது. பதிலுக்கு, உபயகாரரின் தாயார் முன்வரிசையில் இருப்பதை ஒளிப்பதிவில் நன்றாகக் காட்ட வேண்டும், அந்த ஒளிப்பதிவை அன்றிரவே அனுப்ப வேண்டும். இளைஞர் உடனே சம்மதித்தார். எந்தப் பாட்டு ஓடும்போது கமரா தாயாரின் பக்கம் திரும்பும் என்று அவர் சொல்லவில்லை, உபயகாரரும் கேட்கவில்லை.