கடைசிப் பந்தி

"வாயைக் கட்டத் தெரியாதவர்!" நீரிழிவு நோயருக்கு ஊரார் சூட்டியுள்ள பட்டம் இது. சர்க்கரை ஏறினால் அவர் நாவுக்கு அடிமை. இறங்கினால் நெஞ்சுரம் மிக்க வீரர். தீர்ப்பு இருக்கிறது, விசாரணைதான் இல்லை. இந்நோயுடன் பதினான்கு ஆண்டுகளாக நாம் வாழ்ந்து வருகிறோம். அந்த உரிமையில் கேட்கிறோம், தோழர்களே! நோயரின் குருதியில் ஏறும் சர்க்கரைக்கு நோயர் ஒருவர்தானா பொறுப்பு? அவர் எப்போது உண்கிறார், எவர் உண்டபின் உண்கிறார், எது மிஞ்சி அவர் தட்டுக்கு வருகிறது என்பனவற்றுக்குப் பொறுப்பு யார்?

காலையில் வெறும் வயிற்றில் செய்யும் சோதனை அந்த ஒரு வேளையின் நிழற்படம். படம் பிடிக்குமுன் முகம் கழுவிப் பவுடர் பூசிக்கொள்வதுபோல, சோதனைக்கு முன் இரண்டு நாள் அரைப்பட்டினி கிடந்து நல்ல எண் வாங்கி வருவோர் பலரை நாம் அறிவோம். மருத்துவரை ஏமாற்றிவிட்ட மகிழ்ச்சியில், திரும்பும் வழியிலேயே அல்வாக் கடை! ஆனால் உடலுக்குள்ளே ஒரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. இரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாளெல்லாம் குருதியில் மிதக்கும் குளுக்கோசு அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. மிகுதியாக மிதந்தால் மிகுதியாக ஒட்டும். நீரிழிவு நோயரிடம் இந்த மாறுபட்ட ஹீமோகுளோபினைத் தெஹ்ரானில் ஆய்ந்த சாமுவேல் ராபார் 1968-இல் கண்டு சொன்னார். இன்று 'ஏ1சி' என்றும் 'மூன்று மாதச் சர்க்கரை' என்றும் வழங்குவது அதன் அளவே. அது 7 விழுக்காடு என்றால் சர்க்கரையின் சராசரி ஏறத்தாழ 154 மில்லிகிராம். 10 என்றால் 240. கையூட்டுப் பெறாத சாட்சி!

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை மதிப்பு? பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபதாண்டு நடந்த பெரும் ஆய்வு 1998-இல் தன் முடிவைக் கூறிற்று. சராசரி 7.9-இல் இருந்தோரைவிட 7.0-இல் இருந்தோருக்குக் கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கும் நுண்குழாய்க் கேடுகள் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆய்வு முடிந்தபின் இரு சாராரின் எண்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. எனினும் முன்னர்ப் பெற்ற நன்மை பத்தாண்டு கழிந்தும் நீங்காதிருந்ததை 2008-இல் வெளியிட்டனர். தொடக்க ஆண்டுகளில் ஈட்டியது பின்னாளில் துணை நிற்கிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். நமக்கும் நம் தமக்கையாருக்கும் இந்நோய் ஒரே ஆண்டில் கண்டறியப்பட்டது. ஒரே தாய் தந்தையர், ஒரே ஊர், பல்லாண்டுக் காலம் ஏறத்தாழ ஒரே மருந்து. நம் எண் 6.9. அவர் எண் 10.1. நாவடக்கத்தில் அவர் நம்மை வென்றவர், இனிப்பைத் தொடமாட்டார், தேநீரில்கூடச் சர்க்கரை இல்லை. பின் ஏன் இந்த வேறுபாடு?

ஒரு வாரம் அவர் வீட்டில் தங்கியபோது விடை கிடைத்தது. இரவு எட்டு மணிக்கு அத்தானுக்குப் பரிமாறினார். பிறகு மாமியாருக்கு. பிறகு மகனுக்கும் மகளுக்கும். விருந்தினராகிய நமக்கு முதல் பந்தியிலேயே இடம். பொரியலும் கீரையும் மீனும் முதல் பந்தியிலேயே முக்கால் தீர்ந்தன. சோறு மட்டும் தீரவில்லை. சோறு எந்நாளும் தீர்வதில்லை! பத்தரை மணிக்கு, மிஞ்சிய சோற்றை ரசத்தில் பிசைந்து அவர் உண்டார், பாத்திரம் துலக்கினார், உடனே படுத்தார். காய்கறியின் நார் இல்லை, புரதம் இல்லை. மாவுப்பொருள் மட்டும் நேரே குருதிக்குப் போய்ச் சேர்கிறது, உடலோ உறங்குகிறது. காலையில் 190 காட்டாமல் வேறென்ன காட்டும்? அதன்மேல், பிள்ளைகள் மிச்சம் வைத்த இட்லியும் அவர் வாய்க்கே போகும். வீணாக்கலாமா? வீட்டில் குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் தமக்கையார் இருந்தார்.

"அக்கா, காயை முதலில் உண்டு, சோற்றைக் குறைத்து, எட்டு மணிக்குள் முடித்தால் என்ன?" என்றோம்.

"எனக்கென்று தனியே சமைப்பதா தம்பி? அடுப்பு ஒன்று, ஆள் ஒருத்தி" என்றார்.

நமக்கு அளந்து சமைக்க நம் துணைவியார் இருக்கிறார். கணவனுக்குச் சர்க்கரை என்றால் சமையலறையே மாறிவிடுகிறது. மனைவிக்குச் சர்க்கரை என்றால்? மாத்திரை டப்பா ஒன்று கூடுகிறது, அவ்வளவே.

விரதத்தையும் சொல்லியாக வேண்டும். வெள்ளி, சஷ்டி, அமாவாசை எனக் கணவர் நலத்துக்கும் மக்கள் நலத்துக்கும் பட்டினி. விரதம் இருப்பவர் உண்ணாதிருக்கிறார். அவர் விழுங்கிய மாத்திரை விரதம் இருப்பதில்லை! கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை அது. ஒரு வெள்ளியன்று நண்பகலில் கை நடுங்க, உடல் வியர்க்க, சொல் குழறத் தமக்கையார் தூணைப் பிடித்து நின்றாராம். அண்டை வீட்டு மூதாட்டி, "அம்மன் இறங்கியிருக்கிறாள்" என்று வேப்பிலை தேடி ஓடினாராம். அவருக்கு வேண்டியிருந்தது வேப்பிலை அன்று, வெல்லம்! பள்ளியில் படிக்கும் மகள் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கவைத்தாள். கால் மணியில் அம்மன் மலையேறினாள்.

ஆனால் அச்சம் மலையேறவில்லை. மீண்டும் தாழ்ந்துவிடுமோ என்றஞ்சி விரத நாள்களில் மாத்திரையை விடலானார். மாலையில் விரதம் முடிந்ததும் பசிக்குப் பொங்கலும் சுண்டலும். மாதத்தில் ஏழெட்டு நாள் இவ்வாறு கழிந்தால் மூன்று மாதக் கணக்கு என்னாகும்? மருத்துவரோ இவை ஒன்றும் அறியாமல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்தார். அவரைக் குறைகூறோம், அவரிடம் எவரும் சொல்லவில்லை.

நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் கணித்தது. அவருள் கடைசிப் பந்தியில் அமர்வோர் எத்தனை பேர்? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தொடங்கி, வீட்டு வாயிலுக்கே மாத்திரையைக் கொண்டுவந்தது. வாயில் வரை அரசு வரலாம்; அடுக்களைக்குள் வந்து அகப்பை பிடிக்குமா?

மாற்றத்தைத் தொடங்கியவள் மகள். "அம்மா உட்காராமல் நான் உண்ணமாட்டேன்" என்று தட்டைத் தள்ளிவைத்தாள். மூன்றாம் நாள் மாமியார் முணுமுணுத்தார். ஐந்தாம் நாள் அத்தானே, "எல்லாரும் உட்காருங்கள்" என்றார். பாத்திரங்கள் நடுவில்; அவரவர் எடுத்துக்கொள்வது. இரண்டு பங்கு காய்க்கு ஒரு பங்கு சோறு என்று மகள் அளந்தாள். உண்டபின் தாயும் மகளும் தெருமுனை வரை கால் மணி நேர நடை. பாத்திரம் துலக்குவது மகன் பொறுப்பு. தசைகள் இயங்கினால் குருதியின் குளுக்கோசை அவை வாங்கிக்கொள்கின்றன. ஊட்டியில் போய் உலவ வேண்டும் என்பதில்லை, தெருவிளக்கு வரை போதும். கேழ்வரகு உண்டால் எவ்வளவும் உண்ணலாம் என்று ஓர் உறவினர் புதுவேதம் ஓதினார். களியும் மாவுப்பொருளே என்று அவருக்கு விளக்கியதில் ஒரு மாலை கழிந்தது.

விரதங்களைப் பற்றி மருத்துவரிடம் சொன்னதும், அவர் தாழ்சர்க்கரைக்கு அவ்வளவாக இடம் தராத மாத்திரைக்கு மாற்றினார். முன்னேற்றத்தில் அதற்கும் பங்குண்டு, மறைக்கமாட்டோம். சோகையையும் சோதித்தார், இரும்புச்சத்துக் குறைந்தால் ஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்ந்து காட்டலாம் என்பதால். விரதம் அமாவாசைக்கு மட்டும் சுருங்கியது. அதுவும் போகவேண்டும் என்பது நம் கட்சி. அது அவர் முடிவு என்பது மகள் கட்சி.

முதல் மூன்று மாதத்தில் 10.1 என்பது 8.9 ஆயிற்று. அடுத்து 8.0. சென்ற சோதனையில் 7.4. மாமியார் தம் தோழியரிடம், "என் மருமகளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது" என்று தம் கைவேலை போலவே சொல்லிவருகிறாராம், சொல்லட்டும்.

அடுத்த சோதனை தை மாதத்தில். இம்முறை அத்தானையும் உடன் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். மகள் வற்புறுத்தி எடுக்கவைத்த சோதனையில் அவர் எண் 6.1.