அம்மாவின் புடவை நிறம்

விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு என் கதைகளை இணையதளத்தில் ஏற்றிவிட்டு, உலகமே வாசிக்கிறது என்று நினைத்திருந்தேன். திண்டிவனத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"அம்மாவைப் பத்தி எழுதியிருக்கேன்னியே, தம்பி. வெறும் வெள்ளையாத்தானே தெரியுது! இனிமேத்தான் எழுதப் போறியா?"

அவளுடைய போன் பழசு. அந்தத் தெருவில் சிக்னலும் சுமார். பழியை அவற்றின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். அக்காள் மகன் விடவில்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து, என் தளத்தின் உள்கட்டைத் திறந்து பார்த்தான்.

"கதையில குத்தமில்லை, மாமா. ஜோடனைதான் அதிகம்."

1994-இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வேக்காரர் ஒரு யோசனை சொன்னார். எழுதிய விஷயம் ஓரிடத்தில் இருக்கட்டும். அதன் நிறம், அளவு, இடைவெளி பற்றிய விதிகள் வேறிடத்தில் இருக்கட்டும் என்றார். அதுதான் சி.எஸ்.எஸ். அதன் முதல் பதிப்பு 1996 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றது. நல்ல ஏற்பாடுதான். நானோ வருஷத்துக்கொருவரைப் பிடித்து அலங்காரம் செய்ததில் ஏழு கோப்புகள் சேர்ந்துவிட்டன. ஒன்று வந்த பிறகே அது அடுத்ததைக் கூப்பிடும். எல்லாம் வந்து சேரும்வரை பிரௌசர் ஓர் எழுத்தையும் காட்டாது. மாப்பிள்ளைக்கு அங்கவஸ்திரம் வரவில்லையென்று முகூர்த்தத்தை நிறுத்திவைத்த கதை!

மருமான் உபயோகமில்லாத விதிகளைக் களைந்தான். முதல் பார்வைக்கு வேண்டியவற்றைப் பக்கத்துக்குள்ளேயே வைத்தான். அச்சுக்கு மட்டும் உரியவற்றைத் தனியே பிரித்தான். நான் ஆசைப்பட்டுப் போட்ட எழுத்துரு வந்து சேரும்வரை, போனில் இருக்கும் தமிழெழுத்தே தெரியும்படி செய்தான். ஒவ்வொரு பகுதிக்கும் தலையில் ஒரு குறிப்பு எழுதினான். தலைப்புகளின் பச்சை நிறம் நாற்பது இடங்களில் சிதறிக் கிடந்தது. அதற்கு ஒரு பெயர் வைத்து, உச்சியில் ஒரே வரியில் எழுதினான். அம்மாவின் புடவை நிறமென்று நான் தேடிப் பிடித்த பச்சை அது.

அன்றிரவே அக்கா கூப்பிட்டாள். சற்று நேரம் பேச்சில்லை.

"படிச்சேன்டா" என்றாள். அப்புறம், "அம்மா புடவை பச்சையில்லை, தம்பி. அரக்கு. நீ அப்போ ரொம்பச் சின்னப் பிள்ளை."

தளத்தில் நானே மாற்றினேன், ஒரு வரிதான். கதையில்தான் நாலு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது.